பதினான்காம் பக்கம் எங்கே?

வட்டம் 19, நெய்வேலி
9 ஜூன் 2025

அன்பு மகன் குமரவேலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் தங்கை சத்யாவும் நலம்; சுரங்கத்தில் இந்த வாரம் அவளுக்கு முதல் ஷிப்டு. ஓசூரில் நீயும் தேவயானியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலிக்குத் தைலம் போடுகிறாயா, அல்லது போட்டதாகச் சொல்கிறாயா?

முதலில் ஒரு திருத்தம். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று சத்யா உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் செந்தாமரையும் அதையே வட்டம் முழுவதும் சொல்லி வருகிறாள். இது தவறான செய்தி. வாசல் மணி அடித்தபோது இரண்டு முறை நான் கதவைத் திறக்கவில்லை என்பது மட்டுமே உண்மை. சத்யா வாங்கி மாட்டியிருக்கும் அந்த மணி பறவை போலக் கூவுகிறது. வெளியே வேப்பமரம் நிறையப் பறவைகள். ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறக்க முடியுமா?

நீ போனில் பேசுவது எனக்கு விளங்கவில்லை என்பதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. நீ மூன்று வயதிலிருந்தே வாய்க்குள் பேசுகிறவன். ஆகவே தொழில் சம்பந்தமான எதையும் இனி எழுத்தில் தெரிவி.

நீ அனுப்பிய தாள் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். குறியைக் கண்டதும் கையெழுத்துப் போடும்படி பாளையங்கோட்டை கான்வென்டில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. படித்துப் பார்த்தேன். 'இந்த டிஜிட்டல் ரேடியோ விதிகள் அனைத்துக்கும் உட்பட்டது என்பதை முழுப் பொறுப்பேற்று அறிவிக்கிறோம்' என்று இருக்கிறது. கீழே 'உரிமையாளர்: தமயந்தி சிவப்பிரகாசம்.'

நான் அந்த ரேடியோவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லையே. மகளிர் தொழில் திட்டத்தில் பதிவு செய்ய என் பெயரைக் கேட்டாய், கொடுத்தேன். பெயரைக் கொடுத்தால் பொறுப்பும் கூடவே வரும் என்று எனக்கு அன்றே தெரியும். உனக்குத்தான் தெரியவில்லை. ஒரு ரேடியோவையும் அதன் கையேட்டையும் அனுப்பு. திருப்தியானால் கையெழுத்து.

தைலத்தை மறக்காதே.
அம்மா


ஓசூர்
17 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

குமரவேல் வணக்கத்துடன் எழுதுவது. நானும் தேவயானியும் நலம். தைலம் போடுகிறேன், தேவயானி சாட்சி.

உங்கள் காதைப் பற்றி சத்யா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையில் நான் பாடப் புத்தகத்துக்குள் வேறு புத்தகம் வைத்துப் படித்தால், பக்கம் புரட்டும் வேகத்தை வைத்தே கண்டுபிடித்தவர் நீங்கள். அந்தக் காதுக்கா?

அம்மா, இந்தத் தாள் ஒரு சம்பிரதாயம்தான். நார்வேயில் ரேடியோ பெரும்பாலும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. அங்கே விற்க வேண்டுமானால் பெட்டியின் அடியில் 'சி.இ.' என்ற முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரையை எந்த அதிகாரியும் நமக்குக் குத்தித் தருவதில்லை. பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடம் ரேடியோவைச் சோதித்து அறிக்கை தரும். அறிக்கையை வைத்துக்கொண்டு, தயாரிப்பாளரே 'என் பொருள் சரியானது' என்று கையெழுத்திட வேண்டும். சட்டப்படி தயாரிப்பாளர் நீங்கள்.

பெர்கன் நகரத்து வியாபாரி நானூறு ரேடியோ கேட்டிருக்கிறார். நவம்பர் 20க்குள் நீங்கள் கையெழுத்திட்ட தாள் அவர் கைக்குப் போகாவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வார். இது நமக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். இது போனால் பட்டறையை மூடிவிட்டு நான் மறுபடி எங்காவது வேலைக்குப் போக வேண்டியதுதான். இங்கே வேலை பார்க்கும் ஆறு பெண்களும் அப்படியே.

ரேடியோவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நெய்வேலியில் டிஜிட்டல் ஒலிபரப்பு எடுக்காது, எஃப்.எம். பக்கம் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
குமரவேல்


வட்டம் 19, நெய்வேலி
1 ஜூலை 2025

அன்பு மகன் குமரவேலுக்கு,

இங்கே அனைவரும் சுகம். வெயில் மட்டும் குறையவில்லை. தேவயானி சாட்சி சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

பார்சல் வந்தது. தபால்காரர் பாவாடை கம்மாபுரத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் அன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆட்டிக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, மூணு தபா மணி அடிச்சி, கதவ தட்டிகினே நிக்கிறேன்! உள்ள ஆளு கீதா இல்லியான்னு பயந்துட்டேங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி முழங்கினார். அரசாங்க ஊழியர் இப்படிக் கூச்சல் போடலாமா?

கையேட்டில் பதினேழு பிழைகள். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில், 'குழந்தைகள் தனியாக இருக்கும்போது ரேடியோவை விழுங்கக் கூடாது' என்று பொருள் வருகிறது. பெற்றோர் உடனிருந்தால் விழுங்கலாம் போலும். இதை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. நீயாகத்தான் இருக்கும்.

இனி ரேடியோ. பார்க்க லட்சணமாக இருக்கிறது. திருகுகள் வழுக்கவில்லை. ஆனால் சத்தம் போதாது. முழு அளவில் வைத்தும், செய்தி வாசிப்பவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளேயிருந்து வாசிப்பது போல் இருக்கிறது. இப்போது வாசிப்பவர்களே வாயைத் திறப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன். நார்வேக்காரர்கள் குளிருக்கு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு இதை விற்று, முழுப் பொறுப்பு என்று நான் கையெழுத்திட்டால் அது பொய்க் கையெழுத்து.

சத்தத்தைக் கூட்டு. பிறகு பார்ப்போம்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா

பின் குறிப்பு: செந்தாமரையும் சமீபகாலமாக என்னிடம் கத்திப் பேசுகிறாள். மரியாதை எல்லா இடத்திலும் குறைந்துவிட்டது.


ஓசூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நீங்களும் சத்யாவும் சுகம் என்று நம்புகிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

கையேட்டைத் திருத்திவிட்டேன். ஆமாம், நான்தான் எழுதினேன்.

சத்தம் விஷயத்தில் முதலில் எனக்குக் குழப்பம். இங்கே பாதிக்கு மேல் வைத்தாலே போதும் என்கிறார்கள். ஆனால் சொன்னவர் நீங்கள். உங்கள் காதுக்குத் திருப்தி என்றால் உலகத்துக்கே திருப்தி என்று முடிவு செய்து ஒலிபெருக்கியை மாற்றினேன், உள்ளே இருக்கும் மென்பொருளிலும் அளவைக் கூட்டினேன். ஸ்பீக்கருக்கும் சரி, காதில் மாட்டும் ஹெட்போனுக்கும் சரி.

இப்போது சோதிக்கும்போது பெண்கள் ஆறு பேரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். நேற்று பக்கத்துப் பட்டறை நல்லசாமி அண்ணாச்சி நேரில் வந்து, "குமரவேலு, ஒரு ஓரமா தொழில் பண்ணலாம்ல? என்னால வேலை பார்க்க முடியலப்பா" என்றார். அவர் நாள் முழுக்க இரும்புத் தகடு அடிப்பவர்.

நாள் குறைவாக இருப்பதால் இதே மாதிரி ஒன்றை பெங்களூர் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் ஒன்று வருகிறது. அம்மா, கேட்டுப் பார்க்கும்போது திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

தங்கள் அன்பு மகன்
குமரவேல்


வட்டம் 19, நெய்வேலி
19 ஆகஸ்ட் 2025

அன்பு மகன் குமரவேலுக்கு,

சுகம். சுகமே கோருகிறேன்.

இரண்டாவது ரேடியோ வந்தது. இதுதான் ரேடியோ. செய்தி வாசிப்பவர் போர்வையை எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தது போல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. முழுச் செய்தியையும் நின்றுகொண்டே கேட்டேன்.

மற்றவர்களுக்கும் பிடித்திருக்கிறது. நான் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் செந்தாமரை, அவள் கணவர், எதிர் வீட்டு ஃபோர்மேன், அவர் மாமியார், எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேச்சு மூச்சின்றி நின்று கேட்டார்கள். செந்தாமரை உணர்ச்சிவசப்பட்டு இரண்டு கையையும் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மாமியார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நல்ல பொருள் என்றால் விளம்பரம் தேவையில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்யாவுக்கு மட்டும் ஏனோ திருப்தி இல்லை. வேலையிலிருந்து வந்து நேராக ரேடியோவை நிறுத்தினாள். சுரங்கத்தில் இயந்திர இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்குத்தான் காது கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன். நாசூக்காக விசாரி.

பரிசோதனைக் கூடத்து அறிக்கை வந்ததும் முழுவதையும் அனுப்பு. படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

அம்மா


ஓசூர்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே சுகம். மழை பரவாயில்லை. தேவயானி உங்களை விசாரித்தாள்.

அறிக்கை வந்துவிட்டது. இத்துடன் இணைத்திருக்கிறேன். ரேடியோ அலை, மின்சாரப் பாதுகாப்பு, வெப்பம் எல்லாம் தேறிவிட்டன. சிறு திருத்தம் ஒன்று சொன்னார்கள், அதைச் செய்துகொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் நன்றாக இருக்கும்.

அவசரத்தில் எழுதுகிறேன்.
குமரவேல்


வட்டம் 19, நெய்வேலி
27 செப்டம்பர் 2025

அன்பு மகன் குமரவேலுக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். ஆனால் சென்ற கடிதத்தில் உன் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எதையாவது மறைக்கும்போது உன் எழுத்து அப்படிச் சாயும். ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டிலும் இப்படித்தான் சாய்ந்திருந்தது. அதில் என் கையெழுத்தை நீயே போட்டிருந்தாய்.

அறிக்கையைப் படித்தேன். முதல் பக்கத்தில் 'மொத்தம் 22 பக்கங்கள்' என்று அச்சிட்டிருக்கிறது. எண்ணினேன். இருபத்தொன்று இருக்கின்றன. மறுபடியும் எண்ணினேன். பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வருகிறது.

பதினான்காம் பக்கம் எங்கே?

அம்மா


ஓசூர்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

பதினான்காம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பே வைத்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் மாட்டிக் கேட்கும்போது வரும் சத்தத்துக்கு அங்கே ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறார்கள். நம் ரேடியோ அதை வெகுவாகத் தாண்டிவிட்டது. அந்த ஒரு சோதனையில் மட்டும் தோல்வி. முதலில் செய்த ரேடியோவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆகையால் பழைய அளவுக்கே திருப்பி வைத்து, மறு சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் முடிவு வந்துவிடும்.

தவறு என்னுடையது. விதியை நான்தான் பார்த்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் செய்யவில்லை.

பழைய அளவு உங்களுக்குத் திருப்தி இல்லை என்று எனக்குத் தெரியும். திருப்தி இல்லாததில் நீங்கள் கையெழுத்திட மாட்டீர்கள் என்றும் தெரியும். என்ன செய்வது என்று சொல்லுங்கள், அம்மா.

குமரவேல்


நெய்வேலி
3 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யா எழுதுவது. நீயும் அண்ணியும் நலமா? நான் கடிதம் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. ஜூன் மாதம் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். நம் வீட்டில் எதுவும் எழுத்தில் வந்தால்தான் செல்லும் போலிருக்கிறது.

நீ அனுப்பிய பக்கம் வந்த அன்று அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வரியின் கீழ் பென்சிலால் அடிக்கோடு. 'சராசரிச் செவித்திறன் உள்ள ஒருவர் இந்த அளவில் தொடர்ந்து கேட்க இயலாது' என்று இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ரேடியோவைப் போடவே இல்லை. "ஏம்மா, ரேடியோ?" என்றால், "செய்தி ஒன்றும் உருப்படியாக இல்லை" என்று முடித்துவிட்டார்.

நேற்று ஞாயிறு, எனக்கு வார ஓய்வு. காலையில் பார்த்தால் தோட்டத்தில் கோலமாவால் பத்தடிக்கு ஒரு கோடு. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் நோட்டு. செந்தாமரையை வரச் சொல்லி, முதல் கோட்டில் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"எதுக்கும்மா?"

"கேள்வி கேட்காதே. திரும்பி நின்று ஏதாவது பேசு. கத்தக் கூடாது. மனிதரிடம் பேசுவது போலப் பேசு."

செந்தாமரை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திரும்பிக்கொண்டு ஆரம்பித்தாள். "இன்னாத்தம்மா பேசுறது... எங்க வூட்டுல இன்னிக்கு கத்திரிக்கா கொழம்பு. அவரு பண்ருட்டிக்குப் போயிகீறாரு, முந்திரிக்கொட்ட வெல கேக்க. வளையமாதேவியில எங்க தம்பி வூட்டு நெலத்த சுரங்கத்துக்கு எடுக்க மறுபடியும் நோட்டீசு வந்துகீதாம், அம்மா அழுதுகினே கீது, நான் இன்னாத்த பண்றது சொல்லுங்க..."

அவள் பாட்டுக்கு மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அம்மா பென்சிலை நோட்டில் ஊன்றிக்கொண்டு, "ம், ஆரம்பிக்கலாம்" என்றார்.

அண்ணா, அம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எவ்வளவு நேரம் பேசினாய்?" என்றார்.

"அஞ்சு நிமிசம் இருக்கும்மா," என்றாள் செந்தாமரை, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி.

அதை நோட்டில் எழுதினார். தேதி போட்டார். கீழே ஒரு கோடு கிழித்தார். பிறகு எழுந்து உள்ளே போய், செந்தாமரைக்கு டம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து கொடுத்து, "இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொல். என்ன சொன்னாய், ஏன் அழுதாய்?" என்றார்.

உன் தேதி 20 என்பது எனக்குத் தெரியும். கையெழுத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீயே பார்த்துக்கொள்.

சத்யா


ஓசூர்
7 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலம் என்று சத்யா எழுதியிருந்தாள்.

மறு சோதனை முடிந்தது. பழைய அளவில் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. 22 பக்கமும் இத்துடன் இருக்கிறது. கூடவே ஒரு ரேடியோவும் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அம்மா, நீங்கள் கையெழுத்திட வேண்டாம். உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். பட்டறையைத் தேவயானி பெயருக்கு மாற்றிவிடலாம் என்று யோசிக்கிறேன். அதற்கு இரண்டு மாதம் ஆகும். நார்வே ஆர்டர் போய்விடும். போனால் போகட்டும். அடுத்த வருஷம் வேறு ஒருவர் கிடைக்காமலா போவார்? ஆறு பேரிடமும் பொங்கல் வரைக்கும் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர ஆரம்பித்துவிட்டது.

குமரவேல்


வட்டம் 19, நெய்வேலி
13 நவம்பர் 2025

அன்பு மகன் குமரவேலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமா என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

தேவயானி பெயருக்கு மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். மாற்று என்று யார் கேட்டது? தேவயானி நல்ல பெண். ஆனால் கையேட்டில் குழந்தைகள் ரேடியோவை விழுங்கியபோது அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஆறு பெண்களிடம் போய் வேலை பொங்கல் வரைக்கும் என்று சொன்னது இன்னும் பெரிய தவறு. நாளைக் காலை முதல் வேலையாக அதைத் திருத்தி, உரிமையாளர் சொன்னதாகச் சொல்.

மறு சோதனை அறிக்கையில் 22 பக்கமும் இருக்கின்றன. நீ அனுப்பிய ரேடியோவை நானும் முறைப்படி சோதித்தேன். சோதனை அலுவலராகச் செந்தாமரையை நியமித்தேன். பத்து அடி, இருபது அடி, முப்பது அடி, பிறகு அவள் வீட்டுச் சமையலறை. ஒவ்வொரு இடத்திலும் செய்தியில் என்ன சொன்னார்கள் என்பதை அவள் சொல்லச் சொல்ல, சத்யா எழுதினாள். ஒரு சொல் விடவில்லை. சமையலறையிலிருந்து திரும்பி வந்து, "ஆயா, பாதி வெச்சாலே போதும்ங்க. இதுக்கு மேல வெச்சா எங்க வூட்டுல யாரும் யாரோடயும் பேச முடியாது" என்றாள். என்னை ஆயா என்று அழைக்கக் கூடாது என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அன்று விட்டுவிட்டேன். அந்தத் தாளில் அவள் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

ஆகவே இந்தக் கருவியில் குறை எதுவும் இல்லை. ஜூலை மாதமும் இருக்கவில்லை. குறை, சோதித்த கருவியில் இருந்தது. அதையும் பரிசோதனைக்கு உட்படுத்துவதுதான் முறை என்பதால் செவ்வாய்க்கிழமை சத்யாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை முறை அழுத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. அறிக்கையை இணைத்திருக்கிறேன். மொத்தம் இரண்டு பக்கம், இரண்டும் இருக்கின்றன.

உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு இதே உறையில் வைத்திருக்கிறேன். உன் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் போட்டேன். விரைவுத் தபாலில் போகிறது. பெர்கனுக்கு உரிய நாளில் அனுப்பிவிடு.

இனி ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் அருள்மொழி இளைஞர், நாகரிகமானவர். கத்தவில்லை, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி ஒன்றையும் காட்டினார். மொச்சைக் கொட்டை அளவுக்கு இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு ரேடியோ இருக்கிறதாம். செல்போனில் ஒருவர் பேசினால் கம்பி எதுவும் இல்லாமல் நேராகக் காதுக்கு வந்துவிடுமாம். வாய்க்குள் பேசுகிறவர்கள் பேசினால் கூடவா என்று கேட்டேன். வரும் என்று எழுதினார்.

ரேடியோ என்றால் அதற்கு ஓர் உறுதிமொழித் தாள் இருக்க வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு, 'இதுவரை யாரும் கேட்டதில்லை' என்று எழுதினார். பரவாயில்லை, நான் கேட்கிறேன் என்றேன். சத்யா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் மேல் இருந்த எண்ணையும் தயாரிப்பாளர் முகவரியையும் தனித்தாளில் குறித்திருக்கிறேன். அதற்கு முழுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் யார், எங்கே சோதித்தார்கள், சத்தத்துக்கு எல்லை வைத்திருக்கிறார்களா என்பதை விசாரித்துச் சொல். அடுத்த வெள்ளிக்கிழமை அதை மாட்டிக்கொள்ளப் போக வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ போன் செய்யலாம்.

இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா